டெல்ஃபியா அணைக்க மறுத்த வைஃபை

மாலை ஐந்து மணிக்கு நூலகத்தைப் பூட்டிக்கொண்டு டெல்ஃபியா கோகர் வெளியே வரும்போதுதான், கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த வண்டி நிறுத்துமிடம் நிரம்பத் தொடங்கும். வேலை முடிந்தவர்கள், வேலை போனவர்கள், பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்த அம்மாக்கள் என்று ஒவ்வொருவராக வந்து, நூலகச் சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி வண்டியை நிறுத்துவார்கள். சுவரை ஒட்டி நின்றால்தான் வைஃபை எட்டும். சுரங்கம் மூடிய பிறகு வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு வாரம் தவறாமல் இணையத்தில் பதிய வேண்டியிருந்தவர் ஒரு வண்டியில் இருப்பார். பக்கத்து வண்டியில் ஒரு கிழவர் ஒஹையோவுக்குப் போய்விட்ட மகளோடு முகம் பார்த்துப் பேசுவார். அதற்கும் அடுத்ததில் ஒரு பெண்பிள்ளை முழங்காலில் கணினியை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் போடும். அதன் அம்மா ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்குவாள்.

கார்வர் ஃபோர்க் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மலைகளுக்கு நடுவே ஓர் ஓடையின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் ஊர். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் இணையக் கம்பி போயிருந்தது. மலையிடுக்குகளுக்குள் வீட்டுக்கு வீடு தூரம் அதிகம், அங்கே கம்பி இழுத்தால் போட்ட காசு திரும்பாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஆகவே அந்த மாவட்டத்தில், அங்கே சொல்வது போல் கவுண்டியில், பாதிப் பேருக்கு இணையம் என்றால் அந்த நூலகச் சுவர்தான். நூலகம் பூட்டியிருக்கலாம், ஆனால் உள்ளே அலமாரி மேல் இருந்து வைஃபை தரும் ரவுட்டர் பெட்டியை டெல்ஃபியா அணைத்ததே இல்லை.

"மூட வேண்டியது கதவைத்தானே? காத்தையா மூடப் போறேன்?" என்பாள் கேட்டால். கணவன் ஹார்லெஸ், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பிக்கப் வண்டியில் காத்திருப்பான். இருபத்தைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவன். ஐம்பத்தைந்தில் வெளியே வந்தபோது நிலக்கரித் தூசி அவன் நுரையீரலில் பெரும்பகுதியைத் தின்றிருந்தது.

நூலகத்துக்கு வருவதற்கு முன் டெல்ஃபியா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் பேருந்தில் போனவர்கள்தான். அப்போதே அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. லிக் ப்ராஞ்ச் என்ற மலையிடுக்கில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். அந்தச் சாலை அரசாங்கச் சாலை இல்லை, உள்ளே போகக் கூடாது, குழந்தைகள் நடந்து முக்குக்கு வரட்டும் என்று பள்ளி அலுவலகம் சொல்லிவிட்டது. பனிக்காலத்தில் முக்குக்கு வர அரை மணி நேரம் நடக்க வேண்டும். டெல்ஃபியா தினமும் உள்ளே போய் ஏற்றிக்கொண்டு வந்தாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, வெயில் மறைக்கும் தட்டியில் செருகிவைத்துக்கொண்டு அதன் நிழலிலேயே மறுபடியும் உள்ளே போனாள்.

இடுப்பெலும்பு தேய்ந்து ஸ்டியரிங்கை விட வேண்டி வந்தபோது நூலக வேலை காலியாக இருந்தது. சம்பளம் சொற்பம் என்பதால் போட்டிக்கு ஆள் இல்லை. கோர்ட்டுக்குப் பின்பக்கத்து இணைப்புக் கட்டடத்தில் ஒரே அறை. எங்கிருந்தோ கழித்துவிடப்பட்ட ஆறு கணினிகள், அவற்றில் நாலு ஓடும். ஒருவர் படம் பார்க்கத் தொடங்கினால் மற்ற மூவருக்கும் திரை உறைந்துபோகும் அளவுக்கு மெலிந்த இணைப்பு. பத்து வருஷம் அதை வைத்தே சமாளித்தாள்.

சமாளித்தது போதும் என்று அவளை நினைக்க வைத்தது வனீட்டா பெர்டியூவுக்கு நடந்தது.

வனீட்டா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் கவனித்துக்கொள்பவள். சிறுமியாக டெல்ஃபியாவின் பேருந்தில் முன்சீட்டுக்காரி. நர்ஸிங் படிப்பில் சேர ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. கணினியில், தனியறையில், கேமராவைப் பார்த்தபடி எழுத வேண்டும். வனீட்டாவின் தனியறை அவளுடைய பழைய காரின் முன்சீட்டுதான். மூன்று வாரம் அந்த நிறுத்துமிடத்திலேயே படித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் அங்கேயே தேர்வுக்கு உட்கார்ந்தாள். பாதித் தேர்வில் இணைப்பு அறுந்தது. மீண்டும் வந்தபோது, எழுதுபவர் இடத்தைவிட்டு அகன்றுவிட்டார், தேர்வு ரத்து என்று திரையில் போட்டிருந்தது.

வனீட்டா அழவில்லை. நூலகக் கதவைத் தட்டி, கணினியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"மிஸ் டெல்ஃபியா, நான் எங்கயும் போகல. உக்காந்த இடத்துலயேதான் இருந்தேன். நான் எந்திரிச்சுப் போயிட்டேன்னு அது சொல்லுது."

"எனக்குத் தெரியும் கண்ணு."

"அதுக்குத் தெரியலையே."

  திங்கட்கிழமை காலை டெல்ஃபியா தலைநகரிலிருந்த மாநில நூலக அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ரொவீனா பேலஸ் என்ற பெண் எடுத்தாள். சிறிய நூலகங்களுக்கு இணைய வசதிக்கென மத்திய அரசுப் பணத்தில் ஒரு மானியம் இருக்கிறது; ஃபைபர் கேபிள், புதுக் கணினிகள், வீட்டுக்கு இரவல் கொடுக்கச் சின்னச்சின்ன வைஃபை பெட்டிகள் எல்லாம் அதில் அடங்கும் என்று ரொவீனா சொன்னாள்.

"இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு?" என்றாள் டெல்ஃபியா.

"வருஷா வருஷம் இருக்கு. உங்க கவுண்டியிலேர்ந்து யாரும் கேட்டதில்ல."

"இப்ப கேக்குறேன்."

விண்ணப்பத்தில் 'உங்கள் மக்களின் தொழில்நுட்பத் தேவைகளை விவரிக்கவும்' என்று ஒரு கேள்வி இருந்தது. டெல்ஃபியா அரசாங்கத்துக்கு எழுதுவது போல விறைப்பாக நாலு வரி எழுதி, ஹார்லெஸுக்குப் படித்துக் காட்டினாள்.

"யாரு எழுதுனது இது?" என்றான் அவன்.

"நான்தான்."

"இல்ல. உனக்குள்ள ஏதோ வக்கீல் பூந்துட்டான். பஸ்ல பின்சீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துவியே, அப்படி எழுது."

அப்படியே எழுதினாள். 'எங்கள் ஊரில் ஒருவனுக்கு வேலை போய்விட்டால், வேலை போய்விட்டது என்று உங்களிடம் சொல்வதற்கே இணையம் வேண்டும். இணையத்துக்குக் காசு வேண்டும். காசுக்கு வேலை வேண்டும். நாங்கள் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைவது என்று நீங்களே சொல்லுங்கள்.' வனீட்டாவின் தேர்வைப் பற்றியும் எழுதி, நூலகத்தை மேற்பார்க்கும் நூலகக் குழுவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். கோடைக்காலம் முடிவதற்குள் மானியம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: நூலகம் இருப்பது கவுண்டியின் கட்டடம் என்பதால், சுவரைத் துளைத்துக் கேபிள் கொண்டுவரக் கவுண்டி மன்றம் சம்மதித்துத் தீர்மானம் போட வேண்டும்.

கவுண்டி மன்றத்தில் மூன்று பேர். தலைவர் பர்ல் ஸ்டாம்ப்பர், நெடுஞ்சாலையில் கார் விற்பவர். டெல்ஃபியாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. வெள்ளம் வந்தபோது தன் கடையின் இழுவை வண்டிகளை எல்லாம் ஊருக்கு இறக்கிவிட்டவர். ஆனால் அரசாங்க மானியம் என்றால் அவருக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. அதைத்தான் கூட்டத்தில் முதலில் எடுத்தார்.

"டெல்ஃபியா, அந்தச் சாக்கடை மானியம் ஞாபகமிருக்கா? தர்றேன் தர்றேன்னாங்க. பாதி ரோட்டத் தோண்டிப் போட்டப்புறம் பணம் நின்னுபோச்சு. அந்தக் குழிய மூட நாமதான் வரி கட்டுனோம்."

"நல்லா ஞாபகமிருக்கு. அந்தக் குழியில என் பஸ் டயர் ரெண்டு தடவ மாட்டுச்சு. அதுக்காக இனிமே ஊருக்கு ரோடே வேணாம்னுட்டியா?"

கூட்டத்தில் சிரிப்பு. பர்ல் சிரிக்கவில்லை.

"இன்டர்நெட் வேணுங்கிறவன் காசு கட்டி வாங்கட்டும். நான் கட்டலையா?"

"நீ கட்டுற. உன் வீடு நெடுஞ்சாலை மேல இருக்கு. லிக் ப்ராஞ்ச்ல கையில காசை வச்சுக்கிட்டு நின்னாலும் விக்க ஆள் கெடையாது, பர்ல். நீ கார் விக்கிறவன்தானே, விக்க மாட்டேங்கிறவன்கிட்ட எப்படி வாங்குறதுன்னு எனக்குச் சொல்லிக்குடு."

"இன்னிக்கு ஓசின்னு தருவாங்க. நாளைக்கு அத ஓட்டுற செலவு யாரு தலையில?"

அது நியாயமான கேள்விதான். அதற்கு டெல்ஃபியாவிடம் பதில் இருந்தது. மாதக் கட்டணத்தில் பெரும்பங்கைக் கழித்துத் தரும் இன்னொரு திட்டம் இருந்தது. அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பேசும் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டுக்கு ஒன்று என்று மானியம் நிராகரிக்கப்பட்டது. அதோடு விடவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் ஆட்கள் வண்டிகளில் உட்கார்ந்து கிடப்பது பார்க்க நன்றாக இல்லை, வக்கீல்கள் முணுமுணுக்கிறார்கள், நூலகம் மூடியதும் வைஃபையை அணைத்துவிட வேண்டும் என்று அதே மூச்சில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்.

டெல்ஃபியா உட்கார்ந்தவள் மறுபடி எழுந்தாள்.

"அணைக்க மாட்டேன்."

"பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சு டெல்ஃபியா. இது தீர்மானம்."

"தீர்மானம் உன்னோடது. கை என்னோடது. அணைக்க மாட்டேன்." குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பி, "நான் மாட்டேன்னதையும் சேத்து எழுதிக்கம்மா. பேரு தப்பில்லாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இடுப்பு வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வீட்டுக்குப் போனாள்.

ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை. ஐந்து மணிக்குக் கதவு மூடியது, வண்டிகள் வந்தன, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ட்ரேஸ் மல்லின்ஸ் என்ற இளம் காவலன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைகள் புத்தகம் இருந்த பக்கமாகவே நின்றான்.

"மிஸ் டெல்ஃபியா, அந்தப் பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"மேல இருந்து."

"மேல கடவுள்தான் இருக்காரு. அவரு சொன்னாரா?"

"மிஸ் டெல்ஃபியா, என்னைய இப்படிப் பண்ணாதீங்க."

"மூணாம் வகுப்புல பஸ் முழுக்க வாந்தியெடுத்து வச்சியே, யாருடா தொடச்சது?"

"நீங்கதான்."

"உங்கம்மாகிட்ட சொன்னேனா?"

"இல்ல."

"ஏன்னா சொல்லாதீங்கன்னு நீ கேட்ட. இப்ப நான் கேக்குறேன். திரும்பிப் போய், பெட்டி கெடைக்கலன்னு சொல்லு."

ட்ரேஸ் முகம் சிவந்து நின்றான். பிறகு மெதுவாக, "பொய் சொன்னா என் வேல போயிடும் மிஸ் டெல்ஃபியா. வீட்டுல கைக்குழந்த இருக்கு" என்றான்.

 டெல்ஃபியாவுக்கு அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. "சரி, எடுத்துக்க. ஆனா நான் எடுத்துத் தர மாட்டேன், எதுலேர்ந்து எதைப் புடுங்கணும்னும் சொல்ல மாட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் முதலில் பிரின்டரின் கம்பியைப் பிடுங்கினான். அப்புறம் மேசைவிளக்கு அணைந்தது. மூன்றாவது தடவைதான் சரியான கம்பி கிடைத்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் நிறுத்துமிடம் வழியாக நடந்தபோது, வண்டிக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த மௌனம்தான் அவனை ரொம்பச் சுட்டது என்று பின்னால் அவனே சொன்னான்.

மறுநாள் கவுண்டி டெல்ஃபியாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. சாவியை வாங்கிக்கொண்டது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவளுடைய பிக்கப் நிறுத்துமிடத்தின் நட்டநடுவில் வந்து நின்றது. ஊரிலேயே போன் சிக்னல் கொஞ்சம் உருப்படியாகக் கிடைப்பது அந்தக் கோர்ட் மேட்டில்தான். தன் போனிலிருந்த இணைப்பைத் திறந்துவிட்டு, அதைக் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தாள். சுற்றியிருந்தவர்களின் திரைகளில் புதிய வைஃபை ஒன்று தெரிந்தது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர்: 'பர்ல், இதையும் அணை பார்க்கலாம்.'

ஹார்லெஸ் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். மூச்சு திரும்பியதும், "போன் பில்லு வரட்டும். எனக்கு ஆக்சிஜன் தேவையே இருக்காது, நேரா சவப்பெட்டிதான்" என்றான்.

"அப்ப உன் போனையும் குடு."

இரண்டாம் நாள் வேறு மூன்று பேர் தங்கள் போன்களையும் திறந்துவிட்டார்கள். வேகம் ஆமை வேகம்தான். வீட்டுப்பாடத்துக்குப் போதும், முகம் பார்த்துப் பேசப் போதாது. ஆனாலும் வண்டிகள் குறையவில்லை. இணையம் தேவைப்படாதவர்கள்கூட வந்து நின்றார்கள். யாரோ ஒரு அம்மா பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டியைத் தட்டு நிறைய எடுத்துவந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக் கொடுத்தாள். பர்ல் தன் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தார் என்று சொல்கிறார்கள். பொது நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி உட்காரக் கூடாது என்று சட்டம் ஏதும் அவருக்கு அகப்படவில்லை.

மானியத்தை ஏற்றுக்கொள்ளக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ரொவீனாவே ஒருநாள் டெல்ஃபியாவைக் கூப்பிட்டாள்.

"உங்க விண்ணப்பத்த மறுபடியும் படிச்சேன். கையெழுத்துப் போட்டது நூலகக் குழு. கவுண்டி இல்ல."

"அதனால?"

"மானியம் குழுவோடது. கட்டடம் மட்டும்தான் கவுண்டியோடது. கட்டடம் வேறயா இருந்தா அவங்க சம்மதமே தேவையில்ல. இடத்த மாத்திக்கிறோம்னு குழு எழுதிக் கேட்டா, நான் இங்க மேல பேசிப் பாக்குறேன்."

டெல்ஃபியா போனை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு வந்தாள். அவித்த பீன்ஸையும் சோளரொட்டியையும் தட்டில் வைத்தபடி ஹார்லெஸ் கேட்டான்: "என்னவாம்?"

"ஒரு கட்டடம் வேணுமாம். கவுண்டியோடதா இருக்கக் கூடாது. சும்மா குடுக்கணும். கேபிள் வந்து சேர்ற இடமா இருக்கணும்."

ஹார்லெஸ் ரொட்டியை மென்றுகொண்டே, "ஓடைக்கு அந்தப் பக்கம் எங்க சங்கக் கட்டடம் என்ன தூங்கவா கட்டிப் போட்டிருக்கு?" என்றான்.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் அந்த மண்டபத்தை, ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கக்காரர்களே செங்கல் சுமந்து கட்டியிருந்தார்கள். சுரங்கம் மூடியபின் உறுப்பினர்கள் என்று மிஞ்சியது ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே. மாதம் ஒருமுறை கூடிக் காபி குடித்து, செத்தவர்கள் பெயரை வாசித்து, கலைந்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் ஹார்லெஸ் கை தூக்கி, மண்டபத்தை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றான்.

தலைவர் எஸ்டெல் பிராக் கேட்டதும் தயங்கினார். "இது சண்டைக்குன்னு கட்டுன எடம் ஹார்லெஸ். இங்க கதைப் புத்தகத்த அடுக்கவா?"

ஹார்லெஸ் ஆக்சிஜன் உருளையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். பேசினான், மூச்சு வாங்க நின்றான், மறுபடி பேசினான். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. அந்த அறையில் பாதிப் பேருக்கு அதே மூச்சுதான்.

"என் நுரையீரலுக்கு நஷ்டஈடு குடுக்க மாட்டேன்னு கம்பெனி மூணு தடவ சொல்லிச்சு. மூணு தடவையும் அப்பீலுக்குப் போனேன். எப்படிப் போனேன்? என் பொண்டாட்டி அந்த ஓட்டக் கம்ப்யூட்டர்ல உக்காந்து அனுப்பிச்சா. எஸ்டெல், உன்னோடதையும் அவதான் அனுப்பிச்சா. இந்தா உக்காந்திருக்கானே டார்ஸி, அவனோடதும். இப்பல்லாம் காகிதத்த எவனும் வாங்குறதில்லப்பா. சண்ட அங்க போயிடுச்சு. நாம மட்டும் இங்க காலி மண்டபத்துக்குக் காவல் இருக்கோம்."

எஸ்டெல் வாக்கெடுப்புக்கு விட்டார். எதிர்ப்பே இல்லை. நூலகக் குழுவில் இருந்த ஐந்து பேரில் நால்வர் இடமாற்றத்துக்குக் கையெழுத்திட்டார்கள். பர்லின் மச்சான் மட்டும், வீட்டில் நிம்மதி வேண்டும் என்று சொல்லி விலகிக்கொண்டார். கெடுவை ஒரு மாதம் தள்ளிவைக்க ரொவீனா மேலே பேசி வாங்கித் தந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை பதினைந்து பிக்கப்புகள் கோர்ட்டுக்குப் பின்னால் வரிசை கட்டின. நூலகக் குழு கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டது, கவுண்டியால் மறுக்க முடியவில்லை. ஆனால் பர்ல் வாசலில் நின்றார்.

"புத்தகம் நூலகத்தோடது, எடுத்துக்கங்க. அலமாரி, மேச, நாற்காலி எல்லாம் கவுண்டிச் சொத்து. ஒண்ணு நகரக் கூடாது."

"அலமாரியும் நாற்காலியும் உன்கிட்டயே இருக்கட்டும் பர்ல்," என்றாள் டெல்ஃபியா. "ராத்திரி தனியா இருந்தா அதுங்ககிட்டப் பேசிக்கிட்டிரு."

புத்தகங்கள் ஆப்பிள் கூடைகளிலும் துணிக்கூடைகளிலும் முட்டை அட்டைப்பெட்டிகளிலும் ஓடையைத் தாண்டின. ட்ரேஸ் மல்லின்ஸ் விடுமுறை போட்டுவிட்டு வந்து, சமையல் புத்தகங்களை மட்டும் நாலு நடை சுமந்தான். சங்க மண்டபத்தில் அலமாரி இல்லாததால் நீண்ட பெஞ்சுகளில் முதுகு மேலே தெரியும்படி அடுக்கினார்கள்; யாராவது உட்கார வேண்டுமென்றால் துப்பறியும் கதைகளைக் கொஞ்சம் நகர்த்திவைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இலைகள் உதிரும் பருவத்தில் கேபிள்காரர்கள் வந்து கம்பம் கம்பமாக இழுத்துக்கொண்டு ஓடையைக் கடந்தார்கள். முதன்முதலாக இணைப்பு உயிர் பெற்ற மதியம், டெல்ஃபியா எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் படம் ஓடவிட்டுப் பார்த்தாள். எதுவும் உறையவில்லை. அவள் வெளியே போய் நின்றுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சங்கத் தலைவரின் அறையைக் காலி செய்து கதவில் 'தேர்வு நடக்கிறது, வாயை மூடு' என்று ஓர் அட்டை மாட்டினாள். அந்த அறைக்குள் முதலில் போய் உட்கார்ந்தவள் வனீட்டா. இந்த முறை தேறினாள்.

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. கவுண்டி நூலகத்துக்கு வருஷா வருஷம் கொடுத்துவந்த பணத்தை அடியோடு நிறுத்தியது. மானியம் கேபிளுக்கும் கணினிக்கும்தான். அதிலிருந்து ஒரு காசு சம்பளத்துக்கு எடுக்க முடியாது. டெல்ஃபியா சம்பளமில்லாமலே நூலகத்தைத் திறந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு, தேய்ந்த இடுப்போடு காலையில் மறுபடியும் மாற்று ஓட்டுநராகப் பேருந்து ஏறினாள். நூலகம் வாரத்தில் நாலு நாள் மட்டும் திறந்தது. அடுத்த தேர்தலில் பர்ல் சுலபமாகவே ஜெயித்தார். மண்டபத்துக்கு வந்து இணையம் பார்த்தவர்களிலேயே நிறையப் பேர் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். இது டெல்ஃபியாவை ரொம்ப நாள் அரித்தது. "வெள்ளத்துல வண்டி அனுப்பினவன மறப்பாங்களா?" என்று ஹார்லெஸ்தான் சமாதானம் சொன்னான். அந்தக் குளிர்காலத்தில் ஹார்லெஸ் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மறுநாள் நூலகம் திறக்கும் நாள். டெல்ஃபியா திறந்தாள்.

"ஒரு வாரம் மூடக் கூடாதா மிஸ் டெல்ஃபியா?" என்று வனீட்டா கேட்டாள்.

"வீட்டுல என்ன செய்யச் சொல்ற? அவன் நாற்காலியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

வசந்தம் பிறந்த பிறகு ஒரு நாள் பர்ல் ஸ்டாம்ப்பர் தானே ஓடையைத் தாண்டி வந்தார். மண்டபத்துக்கு வெளியே, கவுண்டியின் முழுப்பெயரோடு பெரிதாக எழுதியிருந்த பலகைக்குக் கீழே நின்றார். ஹார்லெஸுக்காக வருத்தம் சொன்னார், மனசாரத்தான் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"டெல்ஃபியா, ஒரு விஷயம். கவுண்டி இப்ப இதுக்குப் பணம் தர்றதில்ல. அதனால கவுண்டி பேர நீ போட்டுக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்றாரு."

டெல்ஃபியா பலகையைப் பார்த்தாள். 'பெல்ச்சர் கவுண்டி பொது நூலகம்.'

"நீ என்ன சொல்ற?"

"வக்கீல் சொல்றத நான் சொல்றேன்."

அவள் உள்ளே போய் வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் தட்டைப் பிரஷையும் எடுத்துவந்தாள். ஏணியைச் சுவரில் சாத்தினாள். பர்ல் பதறி, "உன் இடுப்ப வச்சுக்கிட்டு மேல ஏறாத, யாரையாவது விட்டு..." என்று கையை நீட்டினார்.

"ஏணியப் புடி," என்றாள் அவள்.

அவர் பிடித்தார். அவள் ஏறினாள். கீழே பர்ல் நின்று பிடித்துக்கொண்டிருக்க, கவுண்டியின் பெயரை நிதானமாக, எழுத்தெழுத்தாக வெள்ளையடித்தாள். பிறகு பிரஷை அப்படியே பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

"இன்னும் ரெண்டு வார்த்த மிச்சம் இருக்கு. நூலகம், அது புத்தகத்தோடது. பொதுங்கிறது யாரோடதுன்னு நெனைக்கிற? உன்னோடதுன்னா சொல்லு, இப்பவே அழிச்சிடுறேன்."

 அவள் தரையில் கால் வைக்கும்வரை பர்ல் ஏணியை விடவில்லை. பெயின்ட் அவர் தோளில் ரெண்டு சொட்டு விழுந்திருந்தது. அவள் பார்த்தாள், சொல்லவில்லை. அவர் பாலத்தைத் தாண்டிப் போன பிறகு உள்ளே போய், மேசைமேல் திறந்துகிடந்த அடுத்த வருஷத்து மானிய விண்ணப்பத்தில், 'அமைப்பின் பெயர்' என்ற இடத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பொது நூலகம்' என்று புதுப் பெயரை எழுதினாள்.